நிமிர்த்தப்பட்ட சேஸிஸ்: ஒரு மறுப்பு

முகப்பில் கடுமையாக மோதுண்ட பிக்கப் சரக்கு வண்டியைப் பழுதுபார்ப்பது குறித்துத் தமிழகப் பட்டறைகளிலும், பழைய வண்டி வாங்கி விற்போரிடத்திலும், காப்பீட்டுக் கோப்புகளிலும்கூட, ஒரே கருத்துதான் வெவ்வேறு சொற்களில் நிலவுகிறது. கார் என்பது தகரக் கூடு, அது நசுங்கினால் போயிற்று. பிக்கப் அப்படியன்று, அதன் அடியில் லாரிக்கு இருப்பதுபோல் சேஸிஸ் இருக்கிறது. சேஸிஸ் என்பது இரும்பு. இரும்பைச் சூடேற்றி இழுத்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும். வந்தபின் ஒரு பிளேட் வைத்துப் பற்றவைத்தால் கம்பெனி கொடுத்ததைவிடவும் உறுதியாகிவிடும். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாலும் வண்டி நேரே ஓடினால் வேலை முடிந்தது. இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம், அதில் பாதி உண்மை என்பதே. சேஸிஸ் எனப்படும் ஏணிச் சட்டகத்தை இழுத்து நிமிர்த்த முடியும் என்பதும், அதைச் செய்யும் டிங்கர்களின் கைத்திறன் பெரிது என்பதும் மறுக்கக்கூடியவை அல்ல. வடிவம் திரும்பியதும் வண்டியும் திரும்பிவிட்டது என்று கொள்ளும் இடத்தில்தான் பிழை நுழைகிறது.

ஏணிச் சட்டகம் என்பது, முன்பம்பரிலிருந்து வண்டியின் பின்கோடிவரை ஓடும் இரண்டு நீள்விட்டங்களும் அவற்றை இடையிடையே பிணைக்கும் குறுக்குவிட்டங்களும் சேர்ந்த அமைப்பு. ஓட்டுநர் அமரும் கேபினும், பின்னாலுள்ள சரக்குப் பெட்டியும் இதன்மீது தனித்தனியாக அமர்த்தப்படுகின்றன. கேபினுக்கும் விட்டத்துக்கும் இடையே ரப்பர் மெத்தைகள் வைத்து போல்ட் முடுக்கப்படுகிறது. எடை தாங்குவது சட்டகத்தின் முதற்பணி என்பதால், பட்டறைப் பார்வை அதை எடை தாங்கும் பொருளாக மட்டுமே காண்கிறது. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் வடிவமைக்கப்பட்ட பிக்கப்புகளில், நீள்விட்டங்களின் முன்நுனிக்கு இன்னொரு பணியும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மோதலின்போது அந்நுனி முதலில் மடிய வேண்டும், மடிப்பு படிப்படியாகப் பின்னோக்கி நகர வேண்டும், கேபினை எட்டுமுன் அது நின்றுவிட வேண்டும். அதற்காகவே அங்கு பள்ளங்களும் துளைகளும் மடிப்புத் தடங்களும் கணக்கிட்டு இடப்பட்டிருக்கின்றன. அவற்றைக் காணும் பட்டறைக்காரர், கம்பெனி இரும்பை மிச்சம் பிடித்திருக்கிறது என்று சொல்வது வழக்கம்.

இந்த நசுங்கல் எதற்கு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வாதத்தின் வலு தெரியும். சரக்குடன் சேர்த்து 2,500 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 54 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 281 கிலோஜூல். அசையாத தடுப்பில் மோதி, முகப்பு 60 செ.மீ. நசுங்கி அவ்வண்டி நின்றால், கேபினில் இருப்பவர் உணரும் சராசரி வேகத்தணிவு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 19 மடங்கு. முகப்பு 30 செ.மீ. மட்டுமே நசுங்கினால் அது 38 மடங்காகிவிடும். வண்டியின் எடை இந்த மடங்குக் கணக்கில் எங்கும் நுழைவதில்லை; வேகமும், நசுங்கிய நீளமுமே அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, கெட்டியான முகப்பு என்று பெருமையாகச் சொல்லப்படுவது, நிற்பதற்குக் கிடைத்த தூரத்தைக் குறைத்துக்கொண்ட முகப்பு என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. நசுங்கும் முகப்பு, நசுங்காத பயணியறை என்ற பிரிவினைக்கு 1951-இல் காப்புரிமை கோரியவர் பெலா பாரெனி என்ற பொறியாளர். மெர்சிடிஸ் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட டபிள்யூ 111 காரில் அது நடைமுறைக்கு வந்தது. பிக்கப்புகளுக்கு அது வந்துசேர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன.

பழைய வண்டிகளின் இரும்பைப் புகழ்வோருக்கு விடையாக வழக்கமாகக் காட்டப்படும் சான்று, அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் தன் ஐம்பதாம் ஆண்டான 2009-இல் நடத்திய சோதனை. 1959-ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரும் 2009-ஆம் ஆண்டு செவர்லே மாலிபு காரும் தலா மணிக்கு 40 மைல் வேகத்தில், முகப்பின் ஒரு பகுதி மட்டும் படுமாறு நேருக்கு நேர் மோதவிடப்பட்டபோது, பழைய காரின் பயணியறை ஓட்டுநர் பொம்மையின்மீது குலைந்து விழுந்தது. புதிய காரின் அறை நிலைத்து நின்றது. இந்தச் சான்றை மறுப்போர், பெல் ஏரின் அடியில் இருந்தது ஏணிச் சட்டகம் அன்று, நடுவில் குறுகிய எக்ஸ் வடிவச் சட்டகம் என்று கூறுவர். அது நியாயமான மறுப்பே. ஆனால் அதே கழகம் 2001-இல் நடத்திய இன்னொரு சோதனைக்கு அந்த மறுப்பு பொருந்தாது. அன்று அமெரிக்கச் சாலைகளில் பெருமளவில் ஓடிய ஃபோர்டு எஃப்-150 என்ற முழுச் சட்டகப் பிக்கப்பே அதில் 64 கி.மீ. வேகத்தில், முகப்பின் ஒரு பகுதி மட்டும் தடுப்பில் படுமாறு மோதவிடப்பட்டது. சட்டகம் இருந்தும் கேபினின் ஓட்டுநர் பக்கம் கடுமையாகக் குலைந்தது. வண்டி மிகத் தாழ்ந்த தரத்தையே பெற்றது. 2004-இல் முற்றிலும் புதிதாக வடிவமைக்கப்பட்டு வந்த அதே பெயருடைய வண்டி, அதே சோதனையில் உயர்ந்த தரத்தைப் பெற்றது. இரண்டின் அடியிலும் இரும்பு இருந்தது. அந்த இரும்பு எந்த இடத்தில், எந்த வரிசையில் மடிய வேண்டும் என்ற கணக்குத்தான் மாறியிருந்தது.

பழுதுபார்ப்பு என்ற பொருளுக்கு இதைவிடவும் நெருங்கிய சான்று 2015-இல் கிடைத்தது. புதிய எஃப்-150 வண்டியின் இரு கேபின் வகைகளை அக்கழகம் முகப்பின் 25 விழுக்காடு மட்டுமே தடுப்பில் படும் சோதனைக்கு உட்படுத்தியபோது, நான்கு கதவுப் பெரிய கேபின் வகை உயர்ந்த தரம் பெற, நீட்டித்த கேபின் வகை கடைசிக்கு முந்தைய தரத்தோடு நின்றது. பெரிய கேபின் வகையின் சட்டகத்தில் முன்சக்கரத்தை ஒட்டிச் சில கூடுதல் உறுப்புகள் பொருத்தப்பட்டிருந்தன. நீட்டித்த வகையில் அவை விடப்பட்டிருந்தன. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே பெயர். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத சிறு உறுப்புகள், கேபினுக்குள் ஓட்டுநரின் கால்களுக்கு இடம் மிஞ்சுமா என்பதைத் தீர்மானித்தன. தொழிற்சாலையிலேயே இப்படியென்றால், மோதலுக்குப்பின் பட்டறையில் தேவையில்லை என்று கழற்றி எறியப்படும் தாங்கிகளையும், கிடைக்கவில்லை என்று விடப்படும் வலுவூட்டிகளையும் பற்றி என்ன சொல்வது?

ஒரு முறை மடிந்த நுனி தன் பணியை முடித்துவிட்டது. வெடித்த பட்டாசின் காகிதத்தைத் திரும்பச் சுற்றி வைத்தால் அது பட்டாசு ஆகாது. இழுத்து நிமிர்த்தப்பட்ட நுனியும் அப்படித்தான். வடிவம் மட்டும் திரும்புவதன் காரணம் உலோகவியலில் இருக்கிறது. எஃகு நிலையாக வளையும்போது அதன் உள்ளமைப்பில் உள்ள படிகக் குறைபாடுகள் பெருகி ஒன்றையொன்று மறிக்கின்றன; அதனால் வளைந்த இடம் முன்பைவிடக் கடினமாகவும், நீட்சி குறைந்ததாகவும் ஆகிறது. அந்த இடத்தைத் திரும்ப எதிர்த்திசையில் வளைத்தால் கடினம் மேலும் கூடி, விளிம்புகளில் மயிரிழை விரிசல்கள் தோன்றலாம். அடுத்த மோதலில் அந்த இடம் கணக்கிட்டபடி மடியாமல் ஒன்று விறைத்து நிற்கும், அல்லது கிழியும். இரண்டில் எது நேரும் என்பதை, மேலே பட்டி தேய்த்துப் பெயிண்ட் அடித்தபின் எவராலும் சொல்ல முடியாது.

இதற்கு மாற்றாகப் பட்டறை கூறுவது சூடு. கேஸ் வெல்டிங் சுடரால் சிவக்கக் காய்ச்சினால் இரும்பு இளகிப் பழைய குணத்துக்குத் திரும்பும் என்பது பழைய லாரிச் சட்டகங்களின் காலத்தில் பெருமளவு பொருந்திய நம்பிக்கை. அச்சட்டகங்களின் மென்னெஃகு, 250 மெகாபாஸ்கல் அளவு தகைவில் நிலையாக வளையத் தொடங்கும் எளிய எஃகு. மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஒரு நியூட்டன் விசை. இன்று பிக்கப் சட்டகங்களில் பரவலாகப் பயன்படும் நுண்கலப்பு உயர்வலிமை எஃகு 350 முதல் 550 மெகாபாஸ்கல்வரை தாங்குவது. அதன் வலிமை, நையோபியம், டைட்டேனியம் போன்ற உலோகங்களை மிகச் சிறு அளவில் சேர்த்து, உருட்டும்போது வெப்பத்தைக் கட்டுப்படுத்தி, படிகத் துகள்களை நுண்மையாக வைத்திருப்பதால் வருவது. சுடர் அந்தக் கட்டுப்பாட்டைக் கலைத்துவிடுகிறது. துகள்கள் பருத்து வலிமை இறங்குகிறது. சில வண்டிகளின் கேபின் தூண்களிலும் பம்பர் விட்டங்களிலும் உள்ள போரான் எஃகோ, 900 பாகை செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சிக் குளிர்ந்த அச்சுக்குள் அழுத்தி உறையவைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,500 மெகாபாஸ்கல் தாங்கும் அதைச் சூடேற்றவும் கூடாது, நிமிர்த்தவும் கூடாது, மாற்றவே வேண்டும். சூட்டை அனுமதிக்கும் தயாரிப்பாளர்களும் எந்த வெப்பநிலைவரை, எத்தனை நேரம் என்று எல்லை வகுத்தே அனுமதிக்கின்றனர். பட்டப்பகலில் திறந்த கொட்டகையில் நின்று இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்து வெப்பத்தைக் கணிப்பவருக்கு, கண்ணில் சிவப்புத் தெரியும் வேளையில் அந்த எல்லை பெரும்பாலும் தாண்டப்பட்டிருக்கும்.

அப்படியானால் வளைந்த எதையும் நிமிர்த்தக் கூடாதா என்றால், அதுவும் இல்லை. மோதல் பழுதுபார்ப்புத் தொழிலில் உலகெங்கும் ஏற்கப்பட்ட பிரிவினை ஒன்று உண்டு: பெரிய ஆரத்தில் சீராக வளைந்த உறுப்பை நிமிர்த்தலாம், சிறிய இடத்துக்குள் கூர்மையாக மடிந்து சுருக்கம் விழுந்த உறுப்பை மாற்ற வேண்டும். நிமிர்த்தியபின்னும் விரிசலோ தடமோ தங்கினால் அது மடிப்பு என்றே கொள்ளப்படும். இவ்விதியின்படி, சட்டகத்தின் நடுப்பகுதியில் ஏற்பட்ட பக்கச்சாய்வைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்துச் சரிசெய்வது முறையான வேலை. முன்நுனியில் கைவிசிறி மடிப்புகளாகச் சுருண்டதை இழுத்து நீட்டுவது முறையற்ற வேலை. நிலவும் கருத்தோ இவ்விரண்டையும் ஒரே கூலிக்குள் அடக்கிவிடுகிறது.

அடுத்து வருவது, வண்டி நேராக ஓடுகிறது என்ற சான்று. ஏணிச் சட்டகம் முகப்பு மோதலில் ஐந்து வகையாகக் கெடலாம்: முன்பகுதி இடமோ வலமோ ஒதுங்கும் பக்கச்சாய்வு, விட்டம் மேலோ கீழோ வளையும் தொய்வு, நீளமே குறையும் குறுக்கம், ஒரு விட்டம் மற்றதைவிடப் பின்னுக்குத் தள்ளப்பட்டு மூலைக் கோணங்கள் கெடும் சாய்சதுரம், ஒரு மூலை எழும்ப எதிர்மூலை தாழும் முறுக்கு. கடும் மோதலில் இவற்றுள் பல சேர்ந்தே வரும். கடைசியாக ஏற்பட்டதை முதலில் நீக்கி, முதலில் ஏற்பட்டதைக் கடைசியில் நீக்குவதே இழுப்பின் ஒழுங்கு. பட்டறைகளில் டேப்பை மூலைக்கு மூலை பிடித்து இரண்டு மூலைவிட்டங்களும் சமம் என்று காட்டுவார்கள். அது சாய்சதுரம் இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. இருபுறமும் சமமாகக் குறுகிய சட்டகத்திலும் மூலைவிட்டங்கள் சமமாகவே இருக்கும். இருபுறமும் சமமாகத் தொய்ந்ததிலும், சீராக முறுக்கியதிலும் அப்படியே. இவற்றைக் கண்டறிய, சட்டகத்துக்குக் கீழே கற்பனையாக வரையப்பட்ட ஒரு கிடைத்தளத்திலிருந்து உயரத்தையும், நடுக்கோட்டிலிருந்து அகலத்தையும், குறித்த ஒரு புள்ளியிலிருந்து நீளத்தையும் தயாரிப்பாளர் தரும் அளவோடு ஒப்பிட வேண்டும். பொதுவாக ஏற்கப்படும் விலக்கம் 3 மி.மீ. அளவே. சக்கர அலைன்மென்ட் இந்த வேலையைச் செய்வதில்லை. சக்கரத்தின் சாய்வுக் கோணமான கேம்பரையும், திருப்பு அச்சின் முன்பின் சாய்வான கேஸ்டரையும் ஷிம் தகடுகளாலும் மையம் விலகிய போல்ட்டுகளாலும் ஓரளவு மாற்றிக்கொள்ள முடிவதால், சட்டகத்தில் எஞ்சிய கோணல் சக்கரத்தின் சரிக்கட்டலுக்குள் மறைந்துவிடும். வண்டி நேராக ஓடும், கோணல் இருக்கும்.

இங்கே ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க வேண்டும். இந்த மறுப்பு, கணினித் திரையும் லேசர்க் கருவியும் உள்ள கம்பெனி சர்வீஸ் நிலையங்களின் பக்கம் நின்று சாலையோரப் பட்டறையைப் பழிப்பது அன்று. சட்டகப் புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறியிட்டு, சுண்ணாம்புக் கயிறு அடித்து நடுக்கோடு போட்டு, குறிகளுக்கிடையே அளந்து பார்ப்பது மோட்டார் தொழிலின் பழைய பாடநூல் முறை. மட்டமான தரையும் பொறுமையும் இருந்தால் அது நம்பத்தக்க முறையும்கூட. அதை இன்றும் செய்யும் முதிய டிங்கர்கள் இருக்கிறார்கள். மறுபுறம், விலையுயர்ந்த இழுப்பு மேடையை வாங்கி வைத்திருந்தும் வண்டியை அதில் ஏற்றாமல், சங்கிலியை மரத்தில் கட்டி இழுத்து நேரம் மிச்சம் பிடிக்கும் நிலையங்களும் இல்லாமல் இல்லை. கருவியின் விலையை வைத்து வேலையை மதிப்பிடுவதும் நிலவும் கருத்தின் இன்னொரு முகமே.

பிளேட் வைத்துப் பலப்படுத்துவது என்ற வாதம்தான் இவற்றுள் மிகவும் கெடுதலானது, ஏனெனில் அது பார்வைக்கு அக்கறை போலத் தெரிகிறது. மடிய வேண்டிய இடத்தில் ஆறு மி.மீ. தகட்டை வைத்து ஆர்க் வெல்டிங்கில் மூடிவிட்டால், அந்த இடம் உறுதியாகிறது என்பது உண்மை. அடுத்த மோதலில் அங்கே மடியாத விட்டம், தகடு முடியும் இடத்தில் மடியும்; அந்த இடம் பெரும்பாலும் எஞ்சினுக்குப் பின்னால், ஓட்டுநரின் கால்களுக்குக் கீழே இருக்கும். மோதல் நிகழாவிட்டாலும் தகட்டின் முனைகள் சும்மா இருப்பதில்லை. பளு ஏற்றி இறக்கும் வண்டியின் விட்டத்தில், மேல்கீழ் விளிம்புகள்தான் இழுவையையும் அழுத்தத்தையும் மிகுதியாக ஏற்பவை. அவ்விளிம்புகளுக்குக் குறுக்கே ஓடும் வெல்டிங்கின் ஓரத்தில் தகைவு குவிந்து, பல்லாயிரம் குலுங்கல்களுக்குப்பின் களைப்பு விரிசல் தொடங்கும். லாரித் தயாரிப்பாளர்கள், பாடி கட்டுவோருக்குத் தரும் கையேடுகளில் விட்டத்தின் விளிம்புகளில் வெல்டிங் செய்யவோ துளையிடவோ கூடாது என்று எழுதுவது இதனாலேயே. ஏர்பேக் உள்ள வண்டியில் இன்னொரு கேடும் சேர்கிறது: முகப்பு உணரிகள் மோதலின் வேகத்தணிவு எந்த வடிவில் ஏறுகிறது என்பதைப் பார்த்துச் சில பத்து மில்லிநொடிகளுக்குள் முடிவெடுக்கின்றன, முகப்பின் விறைப்பை மாற்றியவர், தாம் அறியாமலே அந்த முடிவின் நேரத்தையும் மாற்றிவிடுகிறார்.

இதே சிந்தனையின் வெளிப்பூச்சுதான், பழுது முடிந்து வெளிவரும் வண்டியின் முன்னால் கனமான இரும்புக் குழாய்க் கார்டு பொருத்துவது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், இத்தகைய கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு, அதாவது வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கும் பிரிவுக்கு, முரணானவை என்று மாநிலங்களுக்கு எழுதியது. நடப்போரின் பாதுகாப்பு அதில் ஒரு காரணம்; பம்பரைத் தாண்டி நேரே நீள்விட்டத்தில் போல்ட் போடப்படும் கார்டு, நுனி மடியும் வரிசையையே கெடுக்கிறது என்பது இக்கட்டுரைக்கு உரிய காரணம்.

சட்டகத்தைத் தாண்டியும் மோதல் போயிருக்கும். கேபின் மவுண்ட்களின் போல்ட்டுகள் வளைந்து, கேபினே சட்டகத்தின்மீது சில மில்லிமீட்டர் முன்னோக்கி நகர்ந்திருக்கலாம். கதவு இடுக்கும் கியர் லீவரின் ரப்பர் உறையும் அதைக் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தால், கியர்பாக்ஸ் இணையும் அலுமினியக் கூட்டில் விரிசல் விழுந்திருக்கும். எண்ணெய் கசியும்வரை அது தெரியாது. பின்னாலிருந்த சரக்கு முன்னோக்கிச் சறுக்கி இடித்ததில் சரக்குப் பெட்டியின் போல்ட் துளைகள் நீண்டிருக்கும். முகப்பு மோதலுக்குப் பின்பக்கத்தை எவரும் பார்ப்பதில்லை. மோதலில் நீளம் குறையுமாறு செய்யப்பட்ட ஸ்டியரிங் தண்டு குறைந்திருந்தால் அதை இழுத்து நீட்டக் கூடாது. மோதலின்போது ஆளைத் தாங்கிய சீட் பெல்ட்டின் நாடா நீண்டிருக்கும். மோதும் கணத்தில் நாடாவை இழுத்து இறுக்கும் முன்னிழுப்பி உள்ள பெல்ட் ஒரு முறைக்கு மட்டுமே உரியது. இவையெல்லாம் மாற்றப்பட வேண்டியவை, ஆனால் கண்ணுக்கு நன்றாக இருப்பவை, ஆகவே மாற்றப்படுவதில்லை. வெடித்த ஏர்பேக்கின் இடத்தில் ஒரு மின்தடையத்தை இணைத்து எச்சரிக்கை விளக்கை அணைத்துவிடும் வழக்கத்தை ஏமாற்று என்பதைத் தவிர வேறு பெயரிட முடியாது. 2021 ஏப்ரலிலிருந்து முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கிய விதி பயணிகள் கார்களுக்கே பொருந்துவது. சரக்குப் பிக்கப் அதில் அடங்கவில்லை. ஏர்பேக்கே இல்லாத கேபினில் ஓட்டுநருக்கு எஞ்சியிருப்பவை பெல்ட்டும், முகப்பு நசுங்கும் தூரமும் மட்டுமே. அந்த இரண்டிலும்தான் பட்டறை கை வைக்கிறது, அல்லது கை வைக்காமல் விடுகிறது.

இக்கருத்து இவ்வளவு காலம் நீடிப்பதற்குப் பட்டறையின் அறியாமை முதற்காரணம் அன்று. காப்பீட்டின் கணக்குமுறை அதை ஊட்டி வளர்க்கிறது. வண்டியின் காப்பீட்டு மதிப்பு, தயாரிப்பாளரின் விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து வருவது: ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு, நான்கு முதல் ஐந்து ஆண்டுவரை 50 விழுக்காடு. பழுதுச் செலவு அம்மதிப்பின் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பு. ஒன்பது லட்சம் ரூபாய் விலையுள்ள வண்டிக்கு நான்கு லட்சம் எஸ்டிமேட் என்று கொண்டால், புதிதாயின் வரம்பு 6,41,250 ரூபாய் என்பதால் அது நிமிர்த்தப்படும். ஐந்தாம் ஆண்டில் வரம்பு 3,37,500 ரூபாய் என்பதால் கழிக்கப்படும். விட்டம் எங்கே எப்படி மடிந்தது என்ற கேள்வி இதில் எங்குமே எழவில்லை. கழிக்கப்பட்ட வண்டியும் மறைந்துவிடுவதில்லை. நிலையாகப் பயனற்றுப்போன வண்டியின் உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொன்னாலும், சிதைவு கைமாறி, நிமிர்த்தப்பட்டுச் சாலைக்குத் திரும்பும் வழிகள் அடைபடவில்லை. பாகங்களின் கணக்கிலும் இதே நிலைதான். ஐ.எம்.டி. 23 என்ற கூடுதல் பிரிவைத் தனிக் கட்டணம் கொடுத்துச் சேர்க்காத சரக்கு வண்டிக்கு, முழு இழப்பாக அறிவிக்கப்பட்டாலன்றி, விளக்குகள், மட்கார்டு, பானெட், பம்பர் முதலியவற்றுக்குப் பணம் வராது. சேர்த்திருந்தாலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதியும், ஐந்தாம் ஆண்டில் உலோகப் பாகங்களுக்கு 35 விழுக்காடும் உரிமையாளர் தலையில் விழும். முகப்பில் இருப்பவை அனைத்தும் இப்பட்டியலில்தான் இருக்கின்றன. புதிய பாகம் உரிமையாளருக்குச் செலவு, பழையதை நிமிர்த்துவது மிச்சம் என்று காப்பீடே கற்றுக்கொடுக்கிறது.

இதனோடு சேஸிஸ் எண்ணின் சிக்கலும் உண்டு. வண்டியின் அடையாள எண் நீள்விட்டத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், சட்டகத்தை முழுமையாக மாற்ற வேண்டுமானால் பதிவு அலுவலகத்தின் அனுமதியும் பதிவுச் சான்றில் திருத்தமும் வேண்டும். அந்த அலைச்சலுக்கு அஞ்சியே, மாற்றப்பட வேண்டிய சட்டகங்கள் பல நிமிர்த்தப்படுகின்றன. தகுதிச் சான்று ஆய்வு இதைப் பிடித்துவிடும் என்று நம்புவதற்கும் இடமில்லை. பிரேக், விளக்கு, புகை போன்றவையே அங்கு பார்க்கப்படுகின்றன, சட்டகத்தின் அளவுப் புள்ளிகள் அளக்கப்படுவதில்லை.

கடைசியாக எழுப்பப்படும் எதிர்வாதம் வயிற்றைப் பற்றியது. மாதத் தவணை கட்டும் ஒற்றை வண்டி உரிமையாளருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். அவரிடம் உலோகவியல் பேசுவது வசதியுள்ளோரின் சொகுசு என்பர். இவ்வாதத்தில் உள்ள துயரம் உண்மையானது. ஆனால் அதன் முடிவு தவறானது, ஏனெனில் அந்தக் கேபினில் அமர்வது பெரும்பாலும் அதே உரிமையாளர்தான், அல்லது அவர் கூலிக்கு வைத்த ஓட்டுநரும் சுமை ஏற்றும் தொழிலாளரும். மலிவான வேலையின் மிச்சத்தை ஒருவரும், அதன் ஆபத்தை இன்னொருவரும் சுமப்பதை ஏழைக்குச் செய்யும் சலுகை என்று அழைக்க முடியாது. மேலும், செலவை ஏற்றுவது அளவெடுத்தல் அன்று. காப்பீட்டு சர்வேயர் வேலை முடிந்தபின் மறு ஆய்வுக்கு வருவது இப்போதும் வழக்கம். புதிய பாகம் போடப்பட்டதா, கழற்றிய பழைய பாகம் எங்கே என்று பார்ப்பதற்காக. அதே வருகையில் சட்டகத்தின் எட்டுப் பத்துப் புள்ளிகளை அளந்து, தயாரிப்பாளரின் அளவுக்குப் பக்கத்தில் எழுதி, ஒரு படியை உரிமையாளரிடமும் ஒரு படியைக் கோப்பிலும் வைக்க அரை நாள் வேலைக்கு மேல் ஆகாது. அத்தாள் இருந்தால் வண்டியை வாங்குபவர் அதைக் கேட்பார். கேட்டால் பட்டறை அளக்கும். இப்போதைக்கு, விற்பனைக்கு வரும் பிக்கப்பின் கீழே படுத்துப் பார்ப்பவருக்கு மூன்று தடயங்கள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன: நீள்விட்டத்தின் உட்பக்கத்தில் சுடர் பட்டுக் கருகிய தடம், கம்பெனி வெல்டிங்கைப் போலன்றி மேடுபள்ளமாக ஓடும் பற்றவைப்பு, சட்டகத்தின் முன்பாதிக்கு மட்டும் புதிதாக அடிக்கப்பட்ட கறுப்புப் பெயிண்ட்.